வரைபடத்தில் ஒன்பது பராஜ்

அந்தக் காரை என் கணவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது சுத்தப் பொய். நீண்ட ஸ்டேஷன் வாகன். பின்கதவு பூட்டாது, கயிறு கட்ட வேண்டும். மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் அவர் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் வேறு மாகாணத்துக்குப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்ட வண்டி.

"ரெண்டு பேருக்கு ஏன் இவ்வளவு பெரிய கார்? சனத்தை ஏத்தி இறக்கப் போறீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். திருகோணமலையை விட்டு வந்தபின் என் கணவர் சிரித்ததை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். அதனால் அன்று மேற்கொண்டு வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு வரைபடத்தோடு வந்தார். சமையலறைத் தரையில் விரித்தார். எங்கள் சமையலறையில் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். வரைபடத்தின் வடக்குப் பகுதி அடுப்புக்குக் கீழே போய்விட்டது. மொன்றியல் அடியில் ஒரு மூலையில் கிடந்தது. அதற்கு மேலே கொஞ்சத் தூரம் ஊர்ப் பெயர்கள். அதற்கும் மேலே ஏரிகள், ஆறுகள், பச்சை நிறக் காடு, காட்டுக்குள்ளே ஒற்றை ரோட்டு.

"ஜூலையில ரெண்டு கிழமை ஃபக்டரி பூட்டுறாங்கள். ஒரு கிழமை வடக்க ஜேம்ஸ் பே பக்கம் போவம். மூண்டு நாள் போக, மூண்டு நாள் வர, நடுவில ஒரு நாள் நிக்க."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லாத இடத்தைப் பாக்க ஒரு கிழமையோ? உங்களுக்கென்ன விசரே?"

"போய்ப் பாப்பமே," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

எங்கள் வீட்டில் பிரெஞ்சு என்னுடைய இலாகா. கிழமையில் மூன்று நாள் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்த வகுப்புக்குப் போனேன். அவர் தொழிற்சாலையில் ஆங்கிலத்தையும் கையையும் காட்டிச் சமாளித்தார். "நீர்தானே பண்டிதர், வரைபடத்தில என்னென்ன எழுதியிருக்கெண்டு பாத்து வையும்," என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் காலை வேலைக்குப் போய்விட்டார். நான் பென்சிலும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தேன். ஏரிக்கு ஒரு சொல், ஆற்றுக்கு ஒரு சொல், நீர்வீழ்ச்சிக்கு ஒரு சொல், எல்லாம் தெரிந்த சொற்கள். பிறகு 'பராஜ்' என்று ஒரு சொல் வந்தது. இன்னும் கொஞ்சம் வடக்கே இன்னொரு பராஜ். விரல் மேலே போகப் போக வந்துகொண்டே இருந்தது. மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் வட்டம் போட்டேன்.

அந்தச் சொல்லை எனக்குக் கற்றுத் தந்தவர் கீழ்வீட்டு மடாம். விதவை. முந்தின மார்கழியில் நாங்கள் ஒரு நண்பரின் காரில் விருந்துக்குப் புறப்பட்டபோது படியில் நின்று எச்சரித்தார். "பராஜ்! பராஜ்!" என்று சொல்லி, உள்ளங்கையை உயர்த்தி நில் என்று காட்டினார். பிறகு கடுதாசியைக் காட்டு என்பதுபோலக் கையை நீட்டினார். கடைசியில் வாயைக் குவித்து ஊதியும் காட்டினார். அந்த ஊதல் எனக்கு விளங்கவில்லை. குளிராக்கும் என்று நினைத்தேன். மற்றது நன்றாக விளங்கியது. பராஜ் என்றால் வழிமறித்துப் பேப்பர் கேட்கும் இடம். எங்கள் பாஷையில் சென்றி.

காட்டுக்குள் யார் சென்றி போடுவார்கள் என்று இந்த ஊர்க்காரர் கேட்கலாம். எங்களுக்கு அந்தக் கேள்வி வராது. காட்டுக்குள்தான் போடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கந்தளாய் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் மரம் வரும், அங்கேதான் ஆமிக்காரர் எங்கள் பஸ்ஸை மறித்தார்கள். ஆண்களை இறக்கி வரிசையில் விட்டு, நாலு பேரைத் தனியே எடுத்தார்கள். நாலாவது ஆள் இவர். நீர்ப்பாசனத் திணைக்களத்து ஓவசியர் என்று அடையாள அட்டையைக் காட்டினார். அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள், ஆளையும் வாங்கிக்கொண்டார்கள்.

நாற்பது நாள். ஒவ்வொரு முகாம் வாசலுக்கும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் பெரிய கொப்பி ஒன்று இருக்கும். பெயரைச் சொன்னால் ஒருவன் விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு போவான். போய் முடிந்ததும் "இல்லை. அப்படி ஒரு பேர் இல்லை," என்பான். நாற்பத்தோராம் நாள் அவராகவே நடந்து வந்தார். அந்த வாசல்களில் ஒன்றுக்கு உள்ளேதான் இருந்திருக்கிறார். நான் வெளியே நின்று மன்றாடியபோது அவர் உள்ளே இருந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீராது.

உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. மொன்றியலுக்கு வந்தபிறகும் பொலிஸ் கார் நின்றால் வீதியின் மற்றப் பக்கம் மாறி நடப்பார். எங்கள் அகதி வழக்கும் முடியவில்லை. கையில் ஆளுக்கொரு வெள்ளைக் கடுதாசி, அவ்வளவுதான். இந்த மனிதர் ஒன்பது சென்றி தாண்டிப் போகப் போகிறாராம். முதல் சென்றியிலேயே உடைந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நச்சரிக்கிற பெண்சாதி என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை என்று வேறு வழியில் இறங்கினேன்.

"அங்க கரடி இருக்காம்."

"கந்தளாயில யானை இருக்கேல்லையே? யானைக்கு முன்னாலயும் வாயாடின ஆள்தானே நீர்."

"நுளம்பு கடிச்சே ஆளைக் கொல்லுமாம்."

"மடாமிட்ட வலைத்தொப்பி இருக்காம். கேட்டு வச்சிருக்கிறன்."

"நடுவழியில பெற்றோல் முடிஞ்சா?"

அதற்கும் பதில் இருந்தது. வழியில் ஒரேயொரு பெற்றோல் ஷெட். ஆகவே மூன்று கான். இரண்டு ஸ்பெயார் ரயர். தொழிற்சாலை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் பட்டியல் போட்டிருந்தார். அரிசி, பருப்பு, ரின் மீன், வறுத்த மா, மிளகாய்த்தூள், காஸ் அடுப்பு, கோடரி. நாளுக்கு எத்தனை மைல், எங்கே படுப்பது, எங்கே தண்ணீர் எடுப்பது என்று கோடு போட்டுக் கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். திணைக்களத்தில் வாய்க்கால் திருத்த வேலைக்கு இப்படித்தான் எழுதுவார். அந்த எழுத்தைக் கண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். பழைய பத்திரிகைகளின் ஓரமெல்லாம் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். ஆங்கிலத்தில், திரும்பத் திரும்ப. சிலது முழுதாக இருந்தது. சிலது முதலெழுத்தோடு நின்று, அந்த இடத்தில் பேனை கடுதாசியைக் குத்திக் கிழித்திருந்தது. குழந்தை மாதிரி என்ன கிறுக்கல் என்று பகிடி பண்ணினேன். அவர் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது நான் வரைபடத்தை ஒளித்தேன். அரிசி வாளிக்குள், அரிசிக்கு அடியில். அவர் அலுமாரி, கட்டிலடி, கார் எல்லாம் தேடினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், சமாளித்திருப்பேன். அவர் தன்பாட்டில் தேடிக்கொண்டிருந்ததுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சோறு காய்ச்ச வாளியைத் திறந்தவர் மூலையைக் கண்டுவிட்டார். மெதுவாக உருவி எடுத்து அரிசியைத் தட்டினார்.

"ஏன் இப்பிடிச் செய்தனீர்?"

அவ்வளவு நாளும் அடக்கியது வெடித்தது. "ஏனோ? வழி நெடுகப் பராஜ்! ஒண்டு ரெண்டில்லை, ஒன்பது! ஒவ்வொண்டிலயும் மறிப்பாங்கள், பேப்பர் கேப்பாங்கள், உங்களை இறக்குவாங்கள். நான் இன்னொருக்கா வாசல் வாசலாத் திரியேலாது. என்னால ஏலாது, கேட்டதோ?"

அவர் என்னைப் பார்த்தார். வரைபடத்தை விரித்து நான் பென்சிலால் வட்டம் போட்ட இடங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டார். எண்ணினார்.

"இதுகளோ சென்றி?" என்றார். "பராஜ் எண்டா அணையப்பா. ஆத்தை மறிச்சுக் கட்டுறது. எங்கட திணைக்களத்தில இங்கிலீசிலயும் இதுதான் சொல்லு. பதினொரு வருசம் நான் வேற என்னத்தைக் கட்டி மாரடிச்சனான்?"

மடாம் காட்டியது, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களை மறித்து ஊதச் சொல்லும் பொலிஸ் மறிப்பு என்று பின்னால் அறிந்தேன்; அதுவும் மறிப்புத்தான், இதுவும் மறிப்புத்தான். அங்கே காரை மறிக்கிறார்கள், இங்கே ஆற்றை. பண்டிதர் பட்டம் அன்றோடு போனது.

"நானும் எண்ணினனான். ஒன்பதுதான்," என்றார். "உலகத்திலயே பெரிய அணைகளில சிலது அங்க கிடக்காம். ஒண்டையாவது கிட்ட நிண்டு பாக்கோணும். நாள் முழுக்கப் பிளாஸ்டிக் மூடி பொறுக்கிறன். நான் ஆரெண்டு எனக்கே மறந்துபோகுது."

ஒன்றும் இல்லாத இடம் என்று ஏன் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது. மூடி பொறுக்குகிறவன் அணை பார்க்க ஆசைப்படுகிறான் என்று நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறார். என் வாயைத் தெரிந்தவருக்கு அந்தப் பயம் வந்ததில் பிழை இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"ஆனா ஒண்டு இருக்கு," என்றார் பிறகு. முகம் மாறிவிட்டது. வரைபடத்தின் பின்புறத்தில் இருந்த இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்து விசாரித்திருக்கிறார். காட்டு ரோட்டுத் தொடங்கும் இடத்தில் ஒரு படலை. எல்லோரும் நிற்க வேண்டும். ஒரு கொப்பியில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "ஊரில, முகாமுக்குள்ள ஒரு கடுதாசியில கையெழுத்து வாங்கினவங்கள். என்ன எழுதியிருந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு பேரெழுத வெளிக்கிட்டாக் கை நிண்டுபோகுது."

பத்திரிகை ஓரங்கள் என் கண்ணுக்கு முன்னே வந்தன. நான் செய்த பகிடியும் வந்தது.

"நான் எழுதிவிடுறன்," என்றேன்.

"இல்லை. என்ர பேரை நான்தான் எழுதோணும். ஏலாட்டி அந்த இடத்திலயே காரைத் திருப்புவன். நீர் ஒண்டும் சொல்லக்கூடாது."

ஞாயிறு பின்னேரம் மடாம் வலைத்தொப்பிகளோடு மேலே வந்தார். அவருடைய கணவர் அந்த அணைகள் கட்டிய காலத்தில் அங்கே லொறி ஓட்டியவராம். நான் விடவில்லை. அந்தப் படலையில் ஏன் பெயர் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். என்றைக்குத் திரும்புவீர்கள் என்று எழுத வேண்டும், அன்றைக்குத் திரும்பாவிட்டால் தேடிக்கொண்டு வருவார்கள் என்றார். யார் வருவார்கள் என்று கேட்டேன். அவர்கள்தான் என்றார். எதற்கு என்று கேட்டேன். மடாம் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, எதற்கா, கண்டுபிடிக்கத்தான் என்றார்.

அதைக் கணவரிடம் சொன்னேன். "அப்பிடியோ," என்றார். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை.

திங்கள் விடியப் புறப்பட்டோம். பின்கதவுக்குப் புதுக் கயிறு. வழியில் ஒரு இரவு தங்கி, செவ்வாய் முற்பகல் அந்தப் படலைக்கு வந்தோம். சின்ன மரக் கொட்டில். உள்ளே தொப்பி போட்ட ஒரு மனிதர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். துவக்கு இல்லை. இரண்டு தரம் பார்த்தேன், இல்லை. "போன்ஜூர்" என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பி வைத்தார். முகாம் வாசல்களில் கண்ட அதே கொப்பி. அதே நீளம், அதே சிவப்புக் கோடு.

என் கணவர் பேனையை எடுத்தார். முதலெழுத்தை எழுதினார். கை நின்றது. கழுத்தில் வேர்வை ஓடுவதைப் பார்த்தேன். வெளியே எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. நான் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு வாயை மூடி நின்றேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான். அந்த மனிதர் அவசரப்படுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கோப்பியைக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் பேனை அசைந்தது. இரண்டாவது எழுத்து, மூன்றாவது. முழுப் பெயரும். திரும்பும் நாள். கையெழுத்து.

மனிதர் கொப்பியை மூடப் போனார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். குனிந்து, விரலைப் பக்கத்தின் மேலே வைத்து, ஒவ்வொரு பெயராகக் கீழே ஓட்டிக்கொண்டு வந்தேன். கடைசி வரியில் விரல் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

காரில் ஏறியதும் கேட்டார்.

"என்ன பாத்தனீர்?"

"உங்கட பேர் இருக்கோ எண்டு."

"இருக்கோ?"

"ஓம்," என்றேன். "இருக்கு."