காந்தள் கொடியில் கட்டிய துணி

எனக்கு எண்பது வயது; ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மலைப்பாதையில் நடந்துவிட்டு வந்த பேத்தி ஒரு சிவப்புப் பூவை நீட்டி, "என்ன பூ அப்பத்தா?" என்றாள். காந்தள். அதன் கிழங்கு விஷம்.

பாலசமுத்திரத்துக்கு மேலே, மழைக்காலத்தில் காட்டு வள்ளிக்கிழங்குக் கொடியைக் கண்டால் அம்மா துணி கட்டி வைப்பாள். கோடையில் கொடி காய்ந்தபின் கிழங்கு தோண்ட அந்தத் துணிதான் அடையாளம்.

ஒரு கோடையில் அப்படித் தோண்டி அவித்ததை என்னைப் பெற்ற அய்யா முதலில் தின்றார்.

"ஏன்டி, இப்படிக் கசக்குது?"

"பசிச்ச வாய்க்குக் கசப்பு தெரியுதாக்கும்? வெரசா தின்னுங்க."

நாங்கள் உண்ணுமுன்பே அவருக்கு வாந்தி கண்டது. மூன்றாம் நாள் அய்யா போய்விட்டார்.

"பூ அழகா இருந்துச்சு, நானும் துணி கட்டுனேம்மா," என்றாள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த என் தங்கச்சி. அம்மா அவள் வாயைப் பொத்தினாள். யாரிடமும் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

"நான்தான் பாக்காம கட்டிட்டேன்," என்று ஊரிடம் சொன்னாள்.

தங்கச்சி வளர்ந்ததும் எல்லாம் மறந்துபோனாள். சண்டை வந்தால், "அய்யாவைக் கொன்னவதானே நீ!" என்பாள். அந்தப் பழியோடவே அம்மா செத்தாள்.

போன மாதம் தங்கச்சியும் போய்விட்டாள். அதனால்தான் பேத்தி வாசிக்க இதை எழுதினேன்.

ஏத்தா, இதைச் சத்தமா வாசி. எங்கம்மா மேல தப்பில்லன்னு ஒரு தடவையாவது நான் காதால கேக்கணும்.