ஆறு பேருக்கு ஒரு சஹன்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். வயது இருபத்தாறு. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வகுத்தல் வராத பிள்ளையின் மண்டைக்குள் களிமண்தான் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினேன். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் மர அடிமட்டத்தால் உள்ளங்கையில் இரண்டு அடி. பிள்ளைகள் எனக்குப் பயந்தார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி அவளுடைய வீடு. தலைகீழாக நின்றாலும் அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது. நான் பலகையில் எழுதும்போது அவள் பலகையைப் பார்க்க மாட்டாள், வகுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளித் தவணை முடிவில் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் "மந்தமான மாணவி" என்று மையால் எழுதி வீட்டு அலுமாரியில் வைத்தேன். அவளுடைய உம்மா முன்பே என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"டீச்சர், இவக்குப் படிப்பு ஏலுமா ஏலாதா எண்டு நீங்க சொல்லுங்க. ஏலாது எண்டா இந்தத் தவணையோட நிப்பாட்டிருவன். வீட்டுல வேல கிடக்கு."

ஏலாது என்றுதான் சொல்ல இருந்தேன். அறிக்கை கொடுக்கும் நாள் திங்கட்கிழமை. அதற்கு முதல்நாள் என் தங்கச்சியின் கல்யாணம். அந்தத் தாயும் மகளும் அதற்கு வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் சஹனில்தான் சாப்பாடு. பன்பாயை விரித்து, நடுவில் பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி இருந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பெண்கள் பக்கத்தை நான் பொறுப்பெடுத்தேன். "இதுல என்ன கிடக்கு, தலைய எண்ணி ஆறால பிரிச்சாச் சரி" என்று உம்மாவிடம் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் சம்மாந்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். வந்த வரிசையிலேயே எல்லாரையும் ஆறு ஆறாக இருத்தினேன். இருபது சஹன். ஓர் ஆளும் மிஞ்சவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கை கழுவியாயிற்று. பிஸ்மி சொல்லியாயிற்று. மூன்றாவது சஹனில் மட்டும் ஒரு கையும் சோற்றில் படவில்லை. ஒரு பக்கம் மாப்பிள்ளையின் மாமி, நேரெதிரே அவருக்கு நாத்தனார் முறையான மச்சி. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபமாக இருக்கும் இருவர் ஒரே சஹனில் கை வைத்தால் சமாதானமாகிவிட்டதாக அர்த்தம். வைக்காமல் எழும்பினால் விருந்து கொடுத்த வீட்டுக்கு அவமானம். மூத்தவர்கள் தொடங்காமல் மற்ற நான்கு பேரும் தொடங்க முடியாது. மாமி முந்தானையை இழுத்துச் செருகினார். அவர் எழும்பினால் மாப்பிள்ளை வீட்டில் அரைவாசிப் பேர் கூடவே எழும்புவார்கள். என் தங்கச்சி காலம் முழுக்க அந்தப் பழிச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த சஹனில் தன் உம்மாவோடு இருந்த என்னுடைய மந்தமான மாணவி எழும்பி வந்து மாமியின் பக்கத்தில் குந்தினாள்.

"மாமி, பொண்ணு அறைக்குள்ள தனியாக் கிடக்கா. மாப்பிள வீட்டுப் பெரிய ஆள் ஒராள் கூட இருந்தாத்தான் சோறு திம்பாவாம். நீங்க வாறீங்களா?"

யாரும் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை. தங்கச்சி அந்நேரம் அறைக்குள் வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தாள். ஆனால் மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் மகள், வாறன்" என்று எல்லாரும் பார்க்க எழும்பி உள்ளே போனார். அந்த இடத்தில் இவள் தன் உம்மாவை இருத்தினாள். மூன்றாவது சஹனிலும் கைகள் சோற்றில் இறங்கின. உம்மா விட்ட இடத்துக்கு, வேறொரு சஹனிலிருந்து பல்லில்லாத ஒரு பெண்ணைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். ஏனென்று கேட்டேன். "அங்க எல்லாரும் கெதியா அள்ளித் தின்றவங்க டீச்சர். இவவுக்கு இறைச்சி மிஞ்சா" என்றாள்.

விருந்து முடிந்ததும் அடுப்படியில் அவளைப் பிடித்தேன்.

"அவங்க ரெண்டு பேரும் கோவம் எண்டு உனக்கு யாரு புள்ள சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல டீச்சர். வாசல்ல எல்லாரும் ஸலாம் சொல்லிக் கை குடுத்தாங்க. மாமி கிட்ட வரக்க மற்றவ செருப்பக் கழட்டுற மாதிரிக் குனிஞ்சா. பிறகு பாத்தா செருப்பு கால்லயேதான் கிடக்கு."

"அப்பவே என்னட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க. இடையில கதைச்சா ஏசுவீங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பத்து வயதுப் பிள்ளையிடம் தோற்றுவிட்டேனே என்ற கோபம். அஸர் தொழுதபின் தணிந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வந்தது. தங்கச்சியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இருபது சஹனையும் எண்ணிய என் கண்ணில் அதில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் படவில்லை.

மறுநாள் காலை தாயும் மகளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பையிலிருந்து அறிக்கையை எடுத்து, பிழையான கணக்கை வெட்டுவதுபோல் அந்த இரண்டு சொல்லையும் சிவப்புப் பேனையால் வெட்டிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

"ஏலுமா டீச்சர்?" என்று தாய் கேட்டார்.

"ஏலும். கணக்கு வராது, அது மெய்தான். ஆனா இவக்கு வாறது எனக்கு வராது. நிப்பாட்டாதீங்க."

"அப்ப சரி. வீட்டு வேலைய நான் பாத்துக்குறன்." அவருக்கு மட்டில்லாத சந்தோஷம். எனக்கும்தான்.

அந்தச் சந்தோஷத்தில் பிள்ளையிடம் சொன்னேன்: "இனி என்னத்தக் கண்டாலும் வந்து சொல்லு. ஏச மாட்டன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். உம்மாவின் கையை விட்டுவிட்டுக் கிட்ட வந்தாள்.

"பின் வரிசை வாங்குல இருக்கிறவக்குப் பலகை தெரியா டீச்சர். அதான் பக்கத்துப் புள்ளையப் பாத்து எழுதுறா."

போன கிழமை பார்த்து எழுதியதற்காக அந்தப் பிள்ளைக்கு இரண்டு அடி போட்டவள் நான். நேரே வகுப்புக்குள் போய், அவளைக் கூட்டி வந்து முன் வாங்கில் இருத்தினேன். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. உள்ளங்கையை நீட்டினாள்.