மூன்று நைலோன் கம்பியும் ஒரு கொண்டை ஊசியும்

போன வாரம் எங்கள் அண்ணனின் எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பாதி வாய் அடைத்துப்போனது. தடித்த மூன்று கம்பிகள் நன்றாகப் பேசின. மெல்லிய மூன்றும்... கப்சிப்.

பழியை யார் மேல் போடுவது? ஆம்ப்ளிபயர் மேல்தான். அதற்குத் திருப்பிப் பேசத் தெரியாதே!

நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கரண்ட் கிடையாது. ஒத்திகை எல்லாம் பசறை டவுனில், ரேடியோக்கடைப் பின்னறையில். கடைக்கார நானா வால்வை மாற்றினார். வயரை மாற்றினார். கடைசியில் முகத்தையும் மாற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் கல்யாணக் கச்சேரி. அது கெட்டால் கிட்டாரை விற்றுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். மெல்லிய கம்பிகள் மூன்றும் கண்ணாடி மாதிரி மின்னின.

"இது என்னண்ணே?"

"தூண்டில் நைலோன்," என்றான் டிரம்ஸ் அடிக்கிற அந்தோணி, பெருமையாக. "பழைய கம்பி அறுந்திருச்சு. கொழும்புலயே இப்ப கம்பி கிடைக்கல."

"கச்சேரிக்குப் போறீங்களா, மீன் பிடிக்கப் போறீங்களா?"

"பொம்பளப் புள்ளைக்குக் கிட்டாரைப் பத்தி என்ன தெரியும்?"

ஒன்றும் தெரியாதுதான். பௌதிகவியல் மட்டும் கொஞ்சம் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான் — இந்தப் பத்தியில் பத்துத் தடவை எழுதியிருக்கிறேன், பதினோராவது தடவையும் படியுங்கள்.

கொண்டை ஊசியைக் கழற்றி, கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

"உள்ள காந்தம்ணே. அதைச் சுத்திச் செம்புச் சுருள். மேல இரும்பு ஆடினாத்தான் சுருள்ல கரண்ட் வரும். அதைத்தான் ஆம்ப்ளிபயர் பெருசாக்குது. நைலோன் ஆடினா காந்தத்துக்கு என்ன வந்துச்சு?"

இரும்புக் கம்பிக்கு எங்கே போவது? வாசலில் ஒரு சைக்கிள் நின்றது.

அந்தோணியின் சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்தோம். உள்ளே எஃகு இழைகள்! மாட்டி, சத்தத்தை முழுக்கத் திருகினேன். ஆம்ப்ளிபயர் உறுமியது.

"ஐயோ, கிழியுது! குறைங்க புள்ள!" என்றார் நானா.

"கிழியட்டும் நானா. தாங்கமுடியாத அளவு குடுத்தா, ஆம்ப்ளிபயர் சத்த அலையோட தலையை வெட்டிரும். ராக் பாட்டுக்கு அந்த உறுமல்தான் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பந்தல் அதிர்ந்தது. கிட்டார் தப்பித்தது. அண்ணன் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னான் — நானாவின் புது வால்வுக்கு, அந்தோணியின் சைக்கிளுக்கு, "தேத்தண்ணி ஊத்திக் குடுத்த தங்கச்சிக்கு".

நான் தேத்தண்ணியே ஊற்றவில்லை.

நேற்று இன்னொரு கம்பி அறுந்தது. அண்ணன் கதவோரம் வந்து நின்றான், தலையைச் சொறிந்தான்.

"தங்கச்சி... அந்தக் கொண்டை ஊசியைக் கொஞ்சம் குடேன்."

ஊசியை மட்டும்தான் கொடுத்தேன், பௌதிகவியலைக் கொடுக்கவில்லை!