சமாதான வகுப்பில் இரண்டு பக்கம்

கடற்கரை ஊருக்கும் அதை ஒட்டிய தென்னந்தோப்பு ஊருக்கும் அடிதடி நடந்து ஓய்ந்த வருடம், பள்ளியில் சமாதான வகுப்பு எடுக்க எனக்கு நாகர்கோவிலில் பயிற்சி கொடுத்தார்கள். அந்தச் சூட்டோடு நாலாம் வகுப்பில் நுழைந்தேன்.

“கடற்கரைப் பிள்ளைய எல்லாம் இந்தப் பக்கம், தோப்புப் பிள்ளைய அந்தப் பக்கம் நில்லுங்க மக்களே” என்றேன். பிரித்து நிறுத்தினால்தானே சேர்த்து வைக்க முடியும்.

“கபடியா டீச்சர்?” என்று வகுப்பே துள்ளியது. ஆளைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் போய்விட்டார்கள் என்று சண்டை வந்தது. உடனே அவர்களே ஆள் மாற்றிக்கொண்டார்கள். கடற்கரை ஊர்ச் சர்ச்சுக்கும் தோப்பு ஊர்க் கோயிலுக்கும் நடுவில் குடியிருந்த ஒருத்தி, “எங்க வீடு ரெண்டுக்கும் எடையில கெடக்கு, நான் எங்கோட்டுப் போணும்?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினாள். பெஞ்சு சாய்ந்தது, சாக்பீஸ் பெட்டி கவிழ்ந்தது. அதட்ட வாயெடுத்தால் எனக்குச் சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. “சமாதானம், சமாதானம்” என்று பிரம்பால் மேசையை அடித்தேன்.

ஓடிக் களைத்தவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?”

அந்த அறையில் தன் பக்கம் எதுவென்று யோசிக்காமலே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.