குன்றாண்டார்கோவில் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்துவது எப்படி

"கார் இல்லாமல் குன்றாண்டார்கோவில் போய்வர முடியுமா?" என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும் என்று வீறாப்பாகப் பதில் எழுதியவன் நான்தான். நார்த்தாமலை, குடுமியான்மலை, மலையடிப்பட்டி என்று புதுக்கோட்டை மாவட்டத்துக் குடைவரைகளை எல்லாம் பஸ்ஸிலேயே பார்த்து முடித்தவன் என்கிற திமிர். பணி ஓய்வு பெற்றதும் காரை விற்றுவிட்டேன். டவுன் பஸ்ஸைக் குறை சொன்னவர்களோடு இந்தத் தளத்திலேயே வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போட்டிருக்கிறேன். அவர்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை கிளம்பினேன். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி கீரனூரில் இறங்க வேண்டும். டிக்கெட் முப்பது ரூபாய், முக்கால் மணி நேரம். கீரனூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் உளுந்த வடை நன்றாக இருக்கும், தவறவிடாதீர்கள். அங்கிருந்து குன்றாண்டார்கோவில் சுமார் பத்து கிலோமீட்டர். நேரே கோயில் வாசலுக்குப் போகும் பஸ் கிளம்பிப் போயிருந்தது. அடுத்து வந்த டவுன் பஸ் வேறு ஊருக்குப் போவது. "விலக்குல எறக்கி விடுறேன் சார், அங்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் நடந்துருவீங்களா?" என்றார் கண்டக்டர். நடப்பதற்குத்தானே கிளம்பி வந்தது, ஏறிக்கொண்டேன். பத்து ரூபாய்.

கிளைச்சாலை பிரியும் இடத்தை இந்தப் பக்கம் விலக்கு என்பார்கள். நான் இறங்கிய விலக்கின் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வருகிறது. இறங்கியபோது மணி ஒன்பது. எதிர்ப்பக்கம், கீரனூர் போகிற திசையில், புத்தம்புதுப் பெயிண்ட் அடித்த நிழற்குடை ஒன்று இருந்தது. அதற்குள் ஈ காக்கை இல்லை. அதன் பின்பக்கம், வெயிலில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். நிழல் கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள் நிற்காமல் வெயிலில் ஏன் காய்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நமக்கென்ன என்று நடக்க ஆரம்பித்தேன்.

"சார், சார்! செத்த நில்லுங்க."

கூப்பிட்டவர் பஞ்சவர்ணம். ஐம்பது வயதிருக்கும், காலடியில் கீரைக்கட்டுக் கூடை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டைய உள்ள விட்டுருக்கீங்க, தோள்ல பையும் இருக்கு. நல்லதாப் போச்சு. பஸ் வர்ற வரைக்கும் அந்தக் கொடைக்கு முன்னால நில்லுங்க சார். நிறுத்தினதும் நீங்க ஒங்க வழியப் பாத்துப் போகலாம்."

"எனக்குக் கீரனூர் போக வேண்டாமே அம்மா."

"எங்களுக்குப் போவணும்ல."

விஷயம் இதுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் சில டிரைவர்கள் நிறுத்துவதில்லை. கையைக் காட்டினால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு போய்விடுகிறார்களாம். எட்டரை மணி வண்டி அப்படித்தான் போயிருக்கிறது. ஆண் ஒருவர் நின்றால் வண்டி நிற்கும். ஆகவே ஊரில் முறை வைத்தார்கள். கோயிலுக்கு விளக்கேற்றுவதற்கு முறை வைப்பதைப் போல, நாளுக்கொரு வீட்டு ஆண் வந்து முன்னால் நிற்பது, பெண்கள் பின்னால் மறைந்திருப்பது, வண்டி நின்றதும் ஓடிவந்து ஏறுவது. சில வாரம் நன்றாக நடந்திருக்கிறது. பிறகு டிரைவர்களுக்கு ஊர் ஆண்களின் முகமெல்லாம் பழகிவிட்டது.

"நிக்கிறாங்க, ஆனா ஏற மாட்டாங்கன்னு கண்டுக்கிட்டாய்ங்க. இப்ப எங்க ஊரு ஆம்பளைங்க நின்னாலும் வண்டி நிக்கிறதில்ல. புது மொகம் வேணும்," என்றார் பஞ்சவர்ணம். இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு கோபமும் இல்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் காது சூடானது.

மனு கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொடுத்தார்களாம். குறிப்பிட்ட நிறுத்தத்தில் அனைத்துப் பேருந்துகளும் நின்று செல்கின்றன என்று பதில் வந்ததாம். ஊர்ப் பெயரைப் போட்டு எங்காவது எழுதட்டுமா என்றதற்கு, "எழுதிராதீங்க சார், ஸ்டாப்பையே எடுத்துருவாங்க" என்றார். அதனால்தான் பெயர் இல்லை.

நான்கு பேரில் ஒருவர் மட்டும் பேசாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ரோஸ்லின். ஆவூர்ப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், கணவருக்குத் திருப்பூரில் வேலை. கஞ்சி போட்ட காட்டன் சேலை, நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் ஃபைல். அவருக்குப் புதுக்கோட்டையில் அங்கன்வாடி வேலைக்கு இன்டர்வியூ. பதினொன்றரைக்குள் போய் டோக்கன் வாங்க வேண்டும்.

"அடுத்த தடவை பாத்துக்கலாம்னு இருக்க முடியாது சார்," என்றார். "வர்ற மாசம் எனக்கு முப்பத்தஞ்சு முடியுது. அதுக்கப்புறம் அப்ளிகேஷனே வாங்க மாட்டாங்க."

ஆட்டோ பிடித்தால் என்ன என்றேன். ஊரில் இருக்கிற ஒரே ஆட்டோ பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். பைக் வைத்திருப்பவர்கள் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போயாயிற்று. ஆக, மாவட்டத் தலைநகருக்கும் இந்தப் பெண்ணுக்கும் நடுவில் மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். போய் நின்றேன்.

ஒன்பதே காலுக்கு வண்டி தெரிந்தது. கையைக் காட்டினேன். வேகம் குறைந்தது. எனக்கு ஒரே பெருமை. பெண்களுக்கு வழிவிட்டே பழகிய கை, தானாகப் பின்பக்கம் நீண்டது. "வாங்கம்மா, வாங்க வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டும் விட்டேன். வண்டி இன்னும் நிற்கவில்லை. நான்கு சேலைகள் வெளியே வந்ததை டிரைவர் பார்த்தார். கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. என் முகத்தில் புழுதியை வாரி அடித்துவிட்டு பஸ் போய்விட்டது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் பஞ்சவர்ணம். "ஒரு காலப் படியில வச்சுட்டுல்ல எங்களைக் கூப்பிடணும்!"

ரோஸ்லின் ஃபைலை இன்னும் இறுக்கிக்கொண்டு மறுபடி நிழற்குடையின் பின்னால் போய் நின்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆத்திரத்தில் போக்குவரத்துக் கழகத்தின் புகார் எண்ணுக்குப் போன் போட்டேன். பதிவு செய்த குரல்கள் எல்லாம் பேசி ஓய்ந்தபின் ஒரு மனிதக் குரல் வந்தது. "வண்டி நம்பர் சொல்லுங்க சார்." நிற்காமல் போகிற வண்டியின் நம்பரைப் புழுதிக்குள் எப்படிப் படிப்பது என்றேன். "வண்டி நம்பர் இல்லாம புகார் எடுக்க முடியாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?" வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் இந்தத் தளத்தில் உங்களுக்கு நான் பரிந்துரைத்து வந்த எண் அதுதான்.

அடுத்த வண்டி பத்து மணிக்கு. இந்த முறை உம்மென்று நின்றேன். வெளியூர்க்காரன் மாதிரி கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தேன். (பஞ்சவர்ணத்தின் யோசனை.) வண்டி நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தேன், கம்பியைப் பிடித்தேன், அதன் பிறகுதான் திரும்பினேன். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. கூடையோடும் ஃபைலோடும் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு நால்வரும் ஏறிவிட்டார்கள். நான் காலை எடுத்தேன்.

"நீங்க ஏறலையா சார்?" என்றார் கண்டக்டர்.

"இல்லை, நான் கோயிலுக்கு…"

"அப்ப எதுக்குக் கையைக் காட்டுனீங்க? மரியாதையா ஏறுங்க. நீங்க ஏறாம வண்டி நகராது."

டிரைவரும் இன்ஜினை அணைத்துவிட்டார். உள்ளே ரோஸ்லின் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏறிவிட்டேன். பத்து ரூபாய் டிக்கெட்.

கண்டக்டர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. விடவில்லை, பெண்கள் நின்றால் ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். "எங்களுக்கு மட்டும் ஆசையா சார்? ரெண்டு நிமிஷம் லேட்டானா டிப்போல கேள்வி. கலெக்‌ஷன் கொறஞ்சா அதுக்கு ஒரு கேள்வி. லேடீஸுக்கு சீரோ டிக்கெட்டாக் கிழிச்சா பைல என்ன சேரும்?"

"அந்தப் பணத்தை அரசாங்கம் கொடுக்கிறதே ஐயா."

"அரசாங்கம் மேல குடுக்குது. என்னையக் கேக்குறவரு என் பைல எவ்வளவுன்னுதான் கேக்குறாரு." கொஞ்ச தூரம் போனதும் அவராகவே மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்டம்மாவும் இப்படி ஒரு விலக்குலதான் நிக்கிறா சார். நிறுத்த மாட்டேங்குறாங்கன்னு வந்து எங்கிட்ட சண்டை."

சிரிப்பதா, அவர் சட்டையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. இலவசம் என்று அறிவித்தவர்களுக்குப் பெண்கள் மேல் கோபமில்லை. டிப்போவுக்குக் கோபமில்லை. இவருக்கும் இல்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து செய்த காரியத்தில் நான்கு பெண்கள் நிழற்குடைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார்கள்.

கீரனூரில் இறங்கும்போது மணி பத்து இருபது. புதுக்கோட்டை பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன், ரோஸ்லின் ஓடினார், அது நின்றது. பெண்களும் காசு கொடுத்து ஏறும் வெளியூர் பஸ், நிற்காமல் என்ன செய்யும்? என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள் என்று ஜன்னல் வழியாக என் எண்ணைக் கொடுத்தேன்.

இனி என் கதை. மறுபடி கோயிலுக்குப் போக பஸ்ஸை நம்பத் தெம்பில்லை. ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய் அழுதேன். வழியில் பஞ்சர் வேறு. போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, நடை சாத்தியிருந்தார்கள். மாலை நான்குக்குத்தான் திறப்பார்களாம். பூட்டிய வாசலில் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தபோது, இரண்டு மணி வாக்கில் போன் வந்தது.

"சார், ரோஸ்லின் பேசுறேன். டோக்கன் வாங்கிட்டேன். கடைசி ஆளு நான்தான். இன்டர்வியூவும் முடிஞ்சிருச்சு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. என்ன கேட்டார்கள் என்றேன்.

"பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தருவீங்களா, எடை போடத் தெரியுமான்னு கேட்டாங்க. எல்லாம் சொல்லிட்டேன். காலி இருக்கற சென்டரு எங்க ஊர்ல இல்ல சார், நாலு ஸ்டாப் தள்ளி. காலையில எட்டரைக்குத் தெறக்கணும், எப்படி வருவீங்கன்னு கேட்டாங்க. பஸ்லன்னேன். ஒங்க ஸ்டாப்புல பஸ் ஒழுங்கா நிக்குமான்னு ஒரு மேடம் கேட்டாங்க சார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நல்லா நிக்கும் மேடம்னு சொல்லிட்டேன். வேற என்ன சார் சொல்றது? நிக்காதுன்னா வேலை குடுப்பாங்களா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுவுக்கு அவர்கள் பதில் எழுதியபோதாவது அது அவர்கள் சொன்ன பொய்யாக இருந்தது. இப்போது அதையே ரோஸ்லின் வாயாலும் சொல்ல வைத்துவிட்டார்கள். நாளைக்கு அவர் மனு எழுதினால், "நிற்கும் என்று நீங்கள்தானே அம்மா சொன்னீர்கள்?" என்று கேட்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

நான்கு மணிக்குக் கோயில் திறந்தது. குன்றைக் குடைந்த கருவறை, அதில் சிவலிங்கம், வெளியே கல்லில் குதிரையும் சக்கரமும் வைத்துத் தேர் போலச் செய்த மண்டபம். எல்லாம் அருமை. படம் நிறைய எடுத்தேன், கீழே இருக்கிறது. அந்தக் குதிரைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். இன்றைக்கு மனசில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பகல் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள், அருகில் பெரிய கடை கிடையாது. ஆட்டோ வேண்டுமென்றால் கீரனூரிலேயே போய்வரப் பேசிக்கொள்ளுங்கள்.

ஆண் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. வேலை கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை. கிடைத்தால், ரோஸ்லின் தினமும் ஏழே முக்கால் வண்டியைப் பிடித்தாக வேண்டும். நீங்கள் காலையில் அந்தப் பக்கம் போனால், ஏதாவது ஒரு விலக்கில் நிழற்குடை காலியாகவும் அதன் பின்பக்கம் சேலைத் தலைப்பும் தெரிந்தால், இறங்கிப் போய் முன்னால் நில்லுங்கள். தோளில் பை இருக்கட்டும். ஒரு காலைப் படியில் வைத்த பிறகு மட்டுமே திரும்பிப் பாருங்கள். என் முகம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி நான் நின்று பயனில்லை.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கும் இந்த இடத்தில் எப்போதும் நான்கு வரி எழுதுவேன். ஒரு ஆணைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதி, அழித்துவிட்டேன்.