வசந்தாவின் நாற்பத்தெட்டு நாட்கள்

கடையில் கடலை மாவு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது வசந்தாவின் மகள் மலர் போன் செய்தாள். "அம்மா போய்டுச்சு மாமா" என்றாள். அதற்கு மேல் அழுகைதான். காலையில் கணவரைப் பெங்களூர் ரயிலுக்கு அனுப்பிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வசந்தா பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரை அப்படியே நிற்கச் சொன்னேன். எதற்கு நிற்கச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. சோப்பு வசந்தா என்றால் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்கும் தெரியும். ஆனால் சில வருஷங்களாக அந்தப் பெயரோடு ஒரு பேச்சும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்பில் காஸ்டிக் காரத்தை அளவில்லாமல் கொட்டி, ஒரு வளைகாப்புக்கு வந்தவர்கள் கையையெல்லாம் புண்ணாக்கிவிட்டார் என்று. அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சு பொய். முதல் நாளே அது எனக்குத் தெரியும்.

என் மளிகைக் கடைக்குச் சாமான் வாங்க வருபவராகத்தான் அவர் பழக்கம். தேங்காய் எண்ணெய், கஸ்தூரி மஞ்சள், வெந்தயம், காபித்தூள் என்று வாங்குவதைப் பார்த்து, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுவைத்தேன். சில வாரம் கழித்துப் பழுப்பாக ஒரு கட்டியைக் கொண்டுவந்து தராசுத் தட்டில் வைத்தார். காபித்தூள் சோப்பு. பக்கத்து மீன்கடை அம்மாள் அதில் கை கழுவிவிட்டு முகர்ந்து முகர்ந்து பார்த்தார். இனி வீட்டுக்காரருக்கே தன்னை அடையாளம் தெரியாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து என் கடையில் வசந்தாவின் சோப்புக்கு ஒரு தனித் தட்டு.

அவர் கையளவை நம்பமாட்டார். எண்ணெய், காஸ்டிக் சோடா, அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் எடை போட்டுத்தான். சமையலறைச் சாமானில் செய்யும் சோப்புக்குக் காஸ்டிக் எதற்கு என்று நானும் மேதாவியாகக் கேட்டிருக்கிறேன். "காரம் இல்லாம சோப்பு ஏதுண்ணா? எண்ணெயைத் தின்னுட்டு அதுவும் காணாம பூடும். அதுக்கு நாளு குடுக்கணும்" என்றார்.

அவர் கொடுத்தது ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய அவருடைய லைன் வீட்டில் ஈரம் அதிகம் என்பதால் என் கடைப் பரண்மேல்தான் கட்டிகள் காயும். ஒவ்வொரு வரிசைக்கு அடியிலும் செய்தித்தாள், அதன் ஓரத்தில் பென்சிலால் தேதி. நாள் முடிந்தாலும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். சுரீரென்றால் மறுபடி பரணுக்குப் போகும். அவசரப்பட்டு நான் ஏணியில் கால் வைத்தால் குரல் வரும்: "அது இன்னும் ஷாப்ட்டுக்குள்ள கீதுண்ணா. கேஜ் மேல வரட்டும்." ஷாப்ட் சுரங்கக் குழி, கேஜ் அதிலிருந்து ஆட்களை மேலே ஏற்றும் கூண்டு; அவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகள். ஷிப்ட் முடிந்து அப்பா மேலே வந்த சேதி தெரியாமல் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லையாம்.

ஒரு மழைக்காலத்தில், எனக்கு வேண்டிய ஒரு பெரிய வீட்டார் வளைகாப்புத் தாம்பூலப் பையில் போட நூறு சோப்பு கேட்டார்கள். தலையாட்டிவிட்டேன். பார்த்தால் நாள் முடிந்தவை பாதிதான் இருந்தன. வசந்தா வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனில் கேட்டேன். புதிதைத் தொடவே கூடாது, மீதிப் பைகளில் மஞ்சள் கிழங்கு வைக்கச் சொல்லுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன். தாளில் தேதி இருந்தது; ஐந்தாம் நாள். கட்டியை அழுத்தினால் பெருவிரல் பதிந்தது. நாக்கில் வைத்தேன், சுட்டது. பெரிய மனிதர்களிடம் இல்லை என்று சொல்ல வாய் வராத ஜென்மம் நான். வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, அவர் பெயர்ச் சீட்டை ஒட்டினேன்.

வாங்கிப்போனவர்களில் பலருக்குக் கை சிவந்து தோல் உரிந்தது. அவர்கள் என்னிடம் வரவில்லை. சீட்டில் இருந்த பெயரைத் தேடிப் போய், லைன் முழுக்கக் கேட்கும்படி வசந்தாவின் வாசலில் நின்று கத்தினார்கள். மறுநாள் அவர் கடைக்கு வந்தார். ஏணியில் ஏறி, காலியாகக் கிடந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"அது எத்தினியாவது நாள் சோப்புண்ணா?"

"கவனிக்கலம்மா. காரம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சோ இன்னாவோ" என்றேன்.

தேதி எழுதிய தாள் அவர் கையில்தான் இருந்தது. அதை நாலாக மடித்துக்கொண்டார். பிறகு, "சரிண்ணா" என்றார்.

அதோடு விற்பதற்குச் செய்வதை நிறுத்திவிட்டார், வீட்டுக்கு மட்டும்தான். ஆனால் சாமான் வாங்க என் கடைக்கே வந்தார். என் முழங்கால் வலியை விசாரித்தார். ஒருமுறை அவர் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பெண்மணி, கையைப் புண்ணாக்கிய சோப்பு இவருடையதுதானே என்று கேட்டார். நான் குனிந்து வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்து, பச்சைப்பயறு புதிதாக வந்திருக்கிறது என்று சொல்லி மூடியிருக்கிறேன். வெட்கங்கெட்ட வாய்.

காரியத்தன்று அவர் வீட்டு அலமாரியில் கடைசியாக ஊற்றிய சோப்பு வரிசையைப் பார்த்தேன். அடியில் தாள், ஓரத்தில் பென்சில் தேதி. ஒன்று கேட்டேன். "இன்னும் நாள் ஆவல மாமா. அம்மா திட்டும்" என்றாள் மலர். அம்மா இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு பேரும் அழுதோம்.

நேற்று அந்தச் சோப்புக்கு நாற்பத்தெட்டு முடிந்தது. போனேன். மலர் ஒரு கட்டியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். வாசலில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். முகத்தில் கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன்.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. நீங்களே ஒரு நாள் சொல்லுவீங்கன்னு பாத்துனு இருந்துச்சு" என்றாள்.

சோப்பு என்னிடம் இருக்கிறது. தேய்த்துக் குளிக்க மனம் வராது. ஆனால் அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் அன்று கேட்ட கேள்விதான். அவரைக் குறை சொன்ன ஊரே கேட்கட்டும் என்று இங்கே பதில் சொல்கிறேன்.

ஐந்தாவது நாள், வசந்தாம்மா. நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுட்டது. தெரிந்துதான் கொடுத்தேன்.