நாற்றம் நின்றுபோன தொட்டி

ஸ்ரீரங்கத்தில் காலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஆலை வாட்ச்மேன் போன் செய்தார். “மேடம், நம்ம இருதயராஜ் அண்ணன் தொட்டிக்குள்ள மயங்கி விழுந்துட்டாருங்க. கூப்பிட்டா சத்தமே இல்லைங்க, சீக்கிரம் வாங்க.” நான் போவதற்குள் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அவர் மனைவி ஸ்டெல்லா அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் போய்விட்டார் என்று அதிலேயே தெரிந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொள்ளிடத்துக்கு அப்பால் ஒரு அரிசி ஆலை. நெல் ஊறவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் அவர் ஆபரேட்டர், நான் கெமிஸ்ட். காற்றுப் புகாத தொட்டியில் கிருமிகள் அழுக்கைத் தின்று மீத்தேன் வாயுவை விடும். அதை பாய்லரில் எரிப்போம். எங்கள் தொட்டி வாயு தந்ததைவிட நாற்றம் தந்ததுதான் அதிகம். அதற்காக நாங்கள் இருவரும் சண்டை போடாத நாள் கிடையாது.

இரும்பைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். மின்சாரம் கடத்தும் பொருள் தொட்டியில் இருந்தால், ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு எலெக்ட்ரானை நேரடியாகத் தள்ளிவிடும், வாயு கூடும் என்று விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “செங்கல்லை ஆள் மாத்தி ஆள் கைமாத்துறதுக்குப் பதிலா சரிவுப் பலகை போடுறீங்க. இதைச் சொல்ல அரை மணி நேரமா மேடம்?” மறுநாளே, துவாக்குடியில் முன்பு தான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து ஒரு மூட்டை கருஞ்செதிலோடு வந்தார். பழுத்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது உதிர்வது அது. காந்தத்தில் ஒட்டும். இதற்கு ஏழெட்டுக் கடைகளில் விலை கேட்டு அலைந்தவள் நான்!

சில வாரங்களில் பாய்லர் அடுப்பில் சுவாலை நீலமாக நின்றது. நாற்றமும் போய்விட்டது. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான வாயுவைச் செதிலில் இருந்த இரும்பு பிடித்துக்கொண்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “மூடியைத் திறந்து மோந்து பாருங்க!” என்று பீற்றிக்கொண்டேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “மூக்கு நமக்குச் சம்பளம் வாங்காத சூப்பர்வைசர் மேடம். அவனை வேலையை விட்டு அனுப்பிட்டீங்க” என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சில்லை. தொட்டியைக் காலி செய்து உள்ளே இறங்கும் முன் வாய்ப்பக்கம் குனிந்து மோந்து பார்ப்பது அவர் வழக்கம். நாற்றம் இருந்தால் யாரையும் விடமாட்டார். அதற்குப் பிறகு நான் வாயு மீட்டரை வைத்துப் பார்த்து அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். விபத்து நடந்த வாரம் மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. அடியில் படிந்த செதிலை வாரியாக வேண்டும் என்று மேனேஜர் நெருக்கினார். முந்தின நாள் மாலை நான் குனிந்து மோந்தேன். ஒன்றுமில்லை. சீட்டில் ‘வாயு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மீத்தேனுக்கு வாசனை கிடையாது, ஆனால் மூச்சை அடைத்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். படித்த எனக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போனது? இருதயராஜ் காலையில் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். என் கையெழுத்தை நம்பி இறங்கியிருக்கிறார்.

ஆலை எழுதிய அறிக்கையில், அனுமதி இல்லாமல் அவசரப்பட்டு இறங்கினார் என்று இருக்கிறது. சீட்டைக் காணோம் என்கிறார்கள். “உங்க நல்லதுக்குத்தான், பேசாம இருங்க” என்றார் மேனேஜர். பதினோரு நாள் பேசாமல் இருந்தேன். அடக்கத்தன்று ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, “அவரு அவசரக்காரராங்க? நீங்க கூடவே இருந்தவங்க, சொல்லுங்க” என்று கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை தவறு, அனுமதி தந்தது நான் என்று எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தையும் கொடுத்தேன். அதன் நகல் இன்று அதிகாரிகளுக்குப் போகிறது. ஸ்டெல்லா இரண்டு தடவை படித்தார். “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க” என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

அவரைத் தெரிந்தவர்களே, இருதயராஜ் அவசரப்பட்டவர் அல்ல. அவர் பேரில் எழுதிய அந்தப் பழியைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.